நசுங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எதைத் தட்டி எடுப்பது, எதை மாற்றுவது?

கேள்வி: என்னிடம் 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. ஒரு லாரி இடது பக்கம் முழுவதையும் உரசி இழுத்துவிட்டுப் போய்விட்டது. முன் ஃபெண்டர் கசங்கிப்போனது. பானெட்டின் இடது ஓரம் மடிந்திருக்கிறது. கதவில் நீளமாக ஒரு பள்ளம். பின் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு உள்வாங்கி டயரைத் தொடுகிறது. கசங்கிய இடத்தைச் சுரண்டிப் பார்த்தால், கதவுக்குக் கீழே பின் சக்கரத்தை ஒட்டித் துருவும் இருக்கிறது. ஒரு பட்டறையில் "எல்லாவற்றையும் இழுத்துப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். இன்னொரு இடத்தில் "பாடி முடிந்துபோனது, இன்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியை எடைக்குப் போடுங்கள்" என்கிறார்கள். என்னிடம் சின்ன மிக் (வயர் ஊட்டும்) வெல்டிங் மெஷின் உண்டு; கேட், ஸ்டாண்டு செய்யும் அளவுக்குப் பழக்கம். எதைச் சரிசெய்யலாம், எதை மாற்ற வேண்டும், நானே எவ்வளவு செய்யலாம்? தகட்டுக்குப் பதில் ஃபைபர் பேனல் போடலாமா?

பதில்: இரண்டு பட்டறைகளுமே அளவெடுக்காமல் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. நீங்கள் சொன்ன பேனல்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்கிறது. பானெட்டும் கதவும் கீலில் நிற்கின்றன. பின் சக்கரத்தை மூடியிருக்கும் க்வார்ட்டர் பேனலும் கதவுக்குக் கீழுள்ள சில்லும் பாடியோடு வெல்டிங்கில் ஒன்றாகிவிட்டவை. போல்ட்டில் நிற்பதை மாற்றத் தயங்க வேண்டாம். வெல்டிங்கில் நிற்பதில், தகடு இடம்கொடுக்கும் வரை பழையதையே காப்பாற்றுங்கள். கம்பெனி போட்ட வெல்டிங்கை எவ்வளவு குறைவாகக் கலைக்கிறோமோ அவ்வளவுக்கு வண்டியின் வடிவம் பத்திரமாக இருக்கும்.

ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இரு பக்கமும் முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை அளந்து பாருங்கள். இந்த மாடலின் வீல்பேஸ் 2265 மி.மீ. இரு பக்கத்துக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் உடனே பயப்பட வேண்டாம். சஸ்பென்ஷன் கைகளில் அலைன்மென்ட்டுக்காக எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட் இருக்கிறது, அதன் நிலையே கொஞ்சம் மாற்றிக் காட்டும். முதலில் கை வளைந்திருக்கிறதா, பிறகு சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) நகர்ந்திருக்கிறதா, கடைசியாகச் சப்ஃபிரேம் பாடியில் பொருந்தும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது மாறியிருந்தால், அது இழுவை பெஞ்ச் வைத்திருக்கும் பட்டறையின் வேலை. வீட்டில் சங்கிலி கட்டி இழுக்கும் சமாச்சாரம் அல்ல.

அடுத்து கதவு வாசல். மேல் கீல் போல்ட்டிலிருந்து பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கரின் கீழ் ஸ்க்ரூ வரை, கீழ் கீலிலிருந்து ஸ்ட்ரைக்கரின் மேல் ஸ்க்ரூ வரை என்று குறுக்கு அளவுகள் இரண்டை எடுத்து, வலது பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்ட்ரைக்கரை யாராவது முன்பு நகர்த்தியிருக்கலாம் என்று தோன்றினால், பாடியில் குத்திய ஓட்டைகளை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். கூரையில்லாத வண்டி என்பதால், அடி கொஞ்சம் ஆழமாகப் பட்டிருந்தாலும் அது இந்த வாசலில்தான் முதலில் தெரியும்.

முன்பக்கத்துக்கு இந்த வண்டியிலேயே ஒரு சோதனை இருக்கிறது. மேலெழுந்து மடங்கும் ஹெட்லைட்டை எழுப்பி மூடிப் பாருங்கள். மூடியின் நான்கு பக்க இடைவெளியும் வலது மூடியைப் போல இருந்தால் முன் சட்டம் அநேகமாகத் தப்பித்திருக்கிறது. மூடி ஒரு பக்கம் உரசினால், அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் திருகி மறைத்துவிடாமல், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் நகர்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். எல்லா இடைவெளிகளையும் ஒரு ட்ரில் பிட்டின் பின்பக்கத் தண்டை நுழைத்துப் பார்க்கலாம். 4 மி.மீ., 4.5, 5 என்று எது இறுக்கமில்லாமல் நுழைகிறதோ அதுதான் இடைவெளி. வலது பக்கத்தில் எது நுழைகிறது என்பதை மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டி வையுங்கள். வேலை முடியும்வரை உங்களுக்கு அதுதான் வரைபடம்.

இந்த வயதுள்ள காரில் நீங்கள் பார்ப்பது முதல் விபத்தாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் வண்டி முழுவதும் வைத்துப் பாருங்கள். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 300ஐத் தாண்டினால் மறு பெயின்ட், 1000ஐத் தாண்டினால் அடியில் பட்டி. மீட்டர் இல்லையென்றால் துணி சுற்றிய காந்தம் போதும், ஆனால் பானெட்டில் வேலைக்காகாது, அது அலுமினியம். க்வார்ட்டர் பேனலில் ஏற்கெனவே பட்டி இருந்தால், உள்வாங்கியதை இழுக்கும்போது அது பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். எனவே முதலில் அதைச் சுரண்டித் தகடு வரைக்கும் போங்கள்.

இப்போது ஒவ்வொன்றாக. ஃபெண்டரை மாற்றிவிடுங்கள். கசங்கிய ஃபெண்டரைத் தட்டி நேராக்க ஆகும் நேரத்தில் இரண்டு ஃபெண்டர் மாட்டிவிடலாம். பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனரில் கழலும் போல்ட்டுகள்தான். ஒன்று கதவைத் திறந்தால்தான் தெரியும். கீழே சில்லை ஒட்டி இருப்பவை மண்ணும் துருவும் ஏறி இறுகியிருக்கும், முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பம்பர் மூலையையும் சக்கரத்தின் உள் மூடியையும் தளர்த்தாமல் இழுத்தால் பிளாஸ்டிக் காதுகள் உடையும்.

வாங்குவதில் கவனம். கழித்த வண்டியிலிருந்து எடுத்த, சிராய்ப்புகள் மட்டும் உள்ள ஒரிஜினல் ஃபெண்டர் கிடைத்தால், பளபளவென்று வரும் டூப்ளிகேட்டைவிட அதுவே மேல். டூப்ளிகேட்டில் போல்ட் ஓட்டைகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருக்கலாம். அதைவிடத் தொல்லை, கதவை ஒட்டி வரும் ஓரத்தின் வளைவு சரியாக அமையாதது. ஓட்டையை அரம் போட்டு நீட்டலாம், வளைவை அப்படித் திருத்த முடியாது. டூப்ளிகேட்டின் கருப்பு பிரைமரை நம்பலாமா என்பதற்குப் பெயின்ட் தின்னரில் நனைத்த துணியை ஓரிடத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு தேய்த்துப் பாருங்கள். கருப்பு துணியில் வந்தால் அது போக்குவரத்துக்கான பூச்சு மட்டுமே, முழுக்கச் சுரண்டி எப்பாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். வராவிட்டால் சொரசொரப்பாக்கி அதன் மேலேயே தொடரலாம். எதுவானாலும் பெயின்ட்டுக்கு முன்னால் ஒருமுறை வண்டியில் மாட்டி, கதவும் பானெட்டும் மூடி, இடைவெளி பார்த்துவிடுங்கள். பெயின்ட் அடித்தபின் வளைத்தால் விரிசல் விடும்.

பானெட்டையும் மாற்றுவதே என் யோசனை. அலுமினியம் வளையும்போதே கெட்டிப்படும். மறுபடி நேராக்கத் தட்டினால் மடிப்பின் உச்சியில் கீறல் விடும். சூடாக்கி இளக்கலாம்தான், ஆனால் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. சுமார் 660 டிகிரியில், முகம் மாறாமல் இருந்து சட்டென்று ஒழுகிவிடும். நடுவில் மென்மையான பள்ளம் என்றால் தேர்ந்த கை சரிசெய்துவிடும். உங்களுடையது ஓரம் மடிந்தது. அங்கே வெளித்தகடு உள்சட்டத்தின் மேல் மடித்து ஒட்டப்பட்டிருக்கும், அந்த மடிப்பு திறந்துகொண்டால் பிறகு நிற்காது. புதிதாக வரும் பானெட்டில் வேலை செய்யும்போது, இரும்பில் தேய்த்த உப்புத்தாளையோ கம்பி பிரஷ்ஷையோ அதில் வைக்காதீர்கள். அலுமினியத்தில் பதியும் இரும்புத் துகள், ஈரம் பட்டதும் பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கிளப்பும்.

கதவைப் பொறுத்தவரை உள்ளே பாருங்கள். உள் அட்டையையும் பிளாஸ்டிக் தாளையும் எடுத்தால் பக்க மோதலைத் தாங்கும் சட்டம் இருந்தால் தெரியும். அது வளைந்திருந்தால் கதவு போய்விட்டது. அந்தச் சட்டத்தைச் சூடாக்கியோ ஜாக்கி வைத்தோ நிமிர்த்தக் கூடாது, நிமிர்ந்ததாகத் தெரிந்தாலும் பலம் திரும்பாது. சட்டம் நேராக இருந்து பள்ளம் வெளித்தகட்டில் மட்டும் என்றால் இழுத்துச் சரிசெய்யலாம். வெளித்தகட்டை மட்டும் மாற்றுவதும் உண்டு. ஆனால் அந்த ஓர மடிப்பை முறுக்கு விழாமல் மடிக்கப் பழக்கம் வேண்டும். முழுக் கதவு கிடைக்கும்போது அந்த வேலைக்குள் போகாதீர்கள். கழற்றும் முன் கீலுக்கும் தூணுக்கும் சேர்த்து ஒரு 3 மி.மீ. ஓட்டை போட்டுக்கொண்டால், திரும்ப மாட்டும்போது அதில் ஒரு ஆணியை நுழைத்துப் பழைய இடத்தைப் பிடித்துவிடலாம். வாசல் நகரவில்லை என்று அளந்து உறுதி செய்திருந்தால் மட்டும் இந்தக் குறுக்குவழி.

மிச்சமிருப்பதுதான் உண்மையான வேலை, பின் க்வார்ட்டர் பேனல். அங்கே நெருப்புக் காட்டும் முன் ஒன்று. இந்த வண்டியில் பெட்ரோல் ஊற்றும் வாய் இடது பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் குழாய் நீங்கள் வேலை செய்யப்போகும் தகட்டுக்கு உள்ளேயே ஓடி, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் டேங்குக்குப் போகிறது. குழாயைக் கழற்றி, டேங்கின் வாயை அடைத்து, வெல்டிங் என்றால் டேங்கையே இறக்கிவிடுங்கள். பேட்டரி டிக்கியின் வலது பக்கம் இருக்கிறது. இரண்டு டெர்மினலையும் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். சாஃப்ட் டாப்பின் ஓரங்கள், கார்பெட், வயர் கட்டு எல்லாம் ஒதுங்க வேண்டும். வெல்டிங் செய்யும் இடத்தைப் பிரேக் கிளீனரால் துடைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. குளோரின் கலந்த வகையாக இருந்து, அதன் ஈரமோ ஆவியோ இருக்கும்போது ஆர்க் விழுந்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். பிரேக் கிளீனரை அந்தப் பக்கமே வைக்காதீர்கள்; பாடி வேலைக்கான கிரீஸ் ரிமூவரைப் பயன்படுத்தி முழுக்க உலரவிடுங்கள்.

தட்டுவதா வெட்டுவதா என்பதைத் தகடு எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதைவிட, அது நீண்டிருக்கிறதா அல்லது இடம் மட்டும் மாறியிருக்கிறதா என்பதே முடிவு செய்யும். லாரி நேராகத் தொட்ட இடம் நேரடிச் சேதம். அதைச் சுற்றி வரப்பு போல எழும்பி நிற்பது மறைமுகச் சேதம். பெரும்பாலான பள்ளங்களில் பரப்பளவில் பெரிய பங்கு மறைமுகச் சேதம்தான். அந்த வரப்பு பூட்டு மாதிரி பள்ளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வரப்பை இளக்கினால் நடுப்பகுதி பாதி தானாகவே திரும்பிவரும். எல்லாரும் செய்யும் தப்பு, நடுவில் இருக்கும் ஆழமான புள்ளியை உள்ளேயிருந்து சுத்தியலால் அறைவது. வரப்பு பிடித்திருக்க நடுவில் அறைந்தால் தகடு நீளும், நீண்ட தகடு பழைய அளவுக்குள் அடங்காது. விரலால் அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போய் வெளியே வரும். அந்த நிலைக்கு வந்தபின் பட்டி போட்டால் வெயிலிலும் அதிர்விலும் பட்டி விரிசல்விடும்.

எனவே அடி விழுந்த வரிசைக்குத் தலைகீழாகப் போங்கள், கடைசியாக மடங்கியது முதலில் வர வேண்டும். உங்கள் வண்டியில் சக்கர வளைவை வெளியே கொண்டுவருவதுதான் தொடக்கம். வளைவின் ஓரத்தில் வெளித்தகடும் உள் வீல்ஹவுஸும் (சக்கரத்தை மூடும் உள்தகடு) சேர்ந்து நிற்பதால் அங்கே கிளாம்ப் பிடித்து மெதுவாக வெளியே இழுக்கலாம். கை ஹைட்ராலிக் ராம் வைத்து உள்ளேயிருந்து தள்ளுவதானால், எதிர்ப்பக்க வீல்ஹவுஸில் அதன் காலை நேரடியாக ஊன்றாதீர்கள், நல்லதாக இருக்கும் வலது பக்கமும் பிதுங்கும். அகலமான மரக்கட்டை வைத்துப் பாரத்தைப் பரப்புங்கள். இழுவையில் வைத்துக்கொண்டே, சுற்றியிருக்கும் வரப்புகளின் மேல் லேசாகத் தட்டுங்கள். இழுவை பாதி வேலை செய்கிறது, தட்டல் மீதியை விடுவிக்கிறது. கை எட்டாத இடத்துக்கு ஸ்டட் வெல்டர் வைத்துச் சிறு ஊசிகளை ஒட்டி இழுக்கலாம். ஓட்டை போட்டுக் கொக்கி மாட்டி இழுக்கும் பழைய முறை வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு ஓட்டையும் பின்னால் ஒரு துருப் புள்ளி.

முரட்டு வடிவம் வந்தபின் சுத்தியல், டாலி (தகட்டின் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை) வேலை. மேடான இடத்தில் சுத்தியல், பக்கத்துப் பள்ளத்தின் பின்னால் டாலி என்று தள்ளிப் பிடித்தால் இரண்டும் சமமாகும். சுத்தியலுக்கு நேர் பின்னால் டாலி பிடித்து அடித்தால் தகடு மெலிந்து நீளும். நீட்ட வேண்டிய இடத்தில் மட்டும் அப்படி அடியுங்கள். வடிவத்தைச் சரிபார்க்க, வலது க்வார்ட்டரின் மேல் அட்டை வைத்து மூன்று நான்கு இடங்களில் குறுக்குவெட்டு வெட்டிக்கொள்ளுங்கள். திருப்பிப் பிடித்தால் இடது பக்கத்துக்கு அச்சு. அட்டைக்கும் தகட்டுக்கும் இடையே எங்கும் 2 மி.மீ.க்கு மேல் இல்லை என்றால், இந்தப் பேனலை வெட்டத் தேவையில்லை.

வெட்டித்தான் ஆக வேண்டிய அடையாளங்களும் இருக்கின்றன. தகடு கிழிந்திருந்தால், தாளை மடித்துக் கீறியதுபோல் கூர்மையான மடிப்பு விழுந்து அதன் உச்சியில் முடிக்கோடு போல விரிசல் தெரிந்தால், வளைவின் ஓரத்தில் துரு துளைத்திருந்தால், உள் வீல்ஹவுஸைச் சரிசெய்ய வெளித்தகடு தடையாக இருந்தால், பேனலைக் காப்பாற்றும் முயற்சியில் நாள் கடத்த வேண்டாம். அப்போதும் முழு க்வார்ட்டரையும் மாற்றத் தேவையில்லை. கதவு ஓரம், சாஃப்ட் டாப் பொருந்தும் மேல்விளிம்பு, டிக்கி வாசல் எல்லாம் ஒரே தகட்டில் சந்திப்பதால், முழுவதையும் எடுத்தால் எல்லா இடைவெளியையும் புதிதாகக் கட்ட வேண்டிவரும். சேதமான பகுதியை மட்டும் துண்டாக மாற்றுங்கள். கழித்த வண்டியிலிருந்து துண்டு வாங்குவதானால், உங்களுக்குத் தேவையான கோட்டுக்கு வெளியே நாலா பக்கமும் குறைந்தது 50 மி.மீ. கூடுதலாக, வளைவின் உள்மடிப்போடு சேர்த்து, ரம்பத்தால் வெட்டித் தரச் சொல்லுங்கள். கேஸ் கட்டரில் வெட்டியது ஓரம் முழுக்க நெளிந்திருக்கும்.

வெட்டுக்கோடு எங்கே ஓட வேண்டும் என்பதில்தான் வேலையின் தரம் இருக்கிறது. அகன்ற, தட்டையான நடுப்பரப்பில் நீளமாக வெட்டினால் வெல்டிங் சூட்டில் அலை அலையாக நெளியும். வளைவான இடம் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும், எனவே கோட்டை வளைவை ஒட்டியும், முடிந்தவரை குட்டையாகவும் வையுங்கள். மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக்குங்கள். புதிய துண்டை நன்றாகப் பொருத்தி, பழைய தகட்டின் மேலேயே கிளாம்ப் போட்டு, கதவையும் டிக்கியையும் மூடி, இடைவெளியை டேப்பில் எழுதி வைத்த அளவோடு ஒப்பிட்டுத் திருப்தியான பிறகே கோடு கிழித்து வெட்டுங்கள். பழையதை முதலில் வெட்டி வீசிவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

ஸ்பாட் வெல்டிங் உள்ள ஓரங்களை, 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு கட்டரால் மேல் தகட்டை மட்டும் துளைத்துப் பிரியுங்கள். எத்தனை ஸ்பாட், எந்த இடைவெளியில் என்று குறித்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது அதே எண்ணிக்கை வேண்டும். புதிய துண்டின் ஓரத்தில் 7 அல்லது 8 மி.மீ. ஓட்டை குத்தி, அதற்குள் மிக் வெல்டிங்கால் நிரப்புவதுதான் வீட்டு முறை. ஒட்டும் இரு முகங்களிலும் துத்தநாகம் கலந்த வெல்ட்-த்ரூ (வெல்டிங்குக்கு முன் அடிக்கும்) பிரைமர் அடியுங்கள், ஆனால் வெல்டிங் விழும் வட்டத்துக்குள் மட்டும் சுரண்டி வெள்ளைத் தகடாக்குங்கள். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். காற்றோட்டமும் புகைக்கான மாஸ்க்கும் தேவை.

கேட் செய்யும் பழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவராதீர்கள். அங்கே 2, 3 மி.மீ. கனம், இங்கே 0.7, 0.8. வயர் 0.6 மி.மீ., வாயு ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு கலவை. வாயு இல்லாத ஃப்ளக்ஸ் வயரில் இந்தத் தகட்டைத் தொட வேண்டாம். அதிகச் சூடு, அதிகத் தெறிப்பு. கழற்றிய ஃபெண்டரிலிருந்தே துண்டுகள் வெட்டிப் பழகுங்கள். ஓட்டை நிரப்பிய இரண்டு துண்டுகளை இடுக்கியில் பிடித்துப் பிரித்தால், வெல்டிங் விட்டுவிடாமல் ஒரு தகட்டில் ஓட்டை விழுந்து பிய்ந்துவர வேண்டும். பொட்டு மட்டும் கழன்று வந்தால் சூடு போதவில்லை.

நடுத்தகட்டு இணைப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், முனைக்கு முனை வைத்துச் செய்யுங்கள். இடைவெளி தகட்டின் கனம் அளவு. ஏற்றி ஒட்டிய இணைப்பு சுலபம்தான், ஆனால் இடுக்கில் நீர் தங்கும். வெயில் ஏறும்போது இரட்டைத் தகடும் ஒற்றைத் தகடும் வேறு வேறாக விரிந்து, முடிந்த பெயின்ட்டில் ஒரு கோடு தெரியும். முதலில் 30, 40 மி.மீ.க்கு ஒரு பொட்டு, பிறகு இடைவெளியின் நடுவில் ஒன்று, அதற்கும் நடுவில் ஒன்று என்று தாண்டித் தாண்டிப் போங்கள். ஒரு பொட்டுக்குப் பக்கத்தில் உடனே இன்னொன்று வைக்காதீர்கள். கையால் தொட முடிகிற சூட்டுக்கு வரட்டும். வெல்டிங் ஆறும்போது சுருங்கி இரு பக்கத் தகட்டையும் உள்ளே இழுக்கும். பொட்டின் மேடைக் கிரைண்டரால் குறைத்துவிட்டு, அந்தப் பொட்டின் மேலேயே டாலி வைத்துச் சுத்தியலால் அடித்தால் சுருங்கியது நீண்டு மட்டமாகும். முன்னே சொன்ன 'நீட்ட வேண்டிய இடம்' இதுதான். கிரைண்டரை ஒரே இடத்தில் நிறுத்தித் தகட்டை நீலமாக்கினால், வெல்டிங்கில் மிச்சம் பிடித்த சூடெல்லாம் வீண்.

இனி அந்தத் துரு. லாரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாஃப்ட் டாப்பின் மழைநீர், சீட்பெல்ட் தூணுக்குப் பின்னாலுள்ள வடிகால் வழியாகக் கீழிறங்கிப் பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலைச் சருகும் தூசியும் அடைத்துக்கொண்டால் நீர் வழிந்து கார்பெட்டுக்கும் சில்லுக்குள்ளும் போகும். அதனால்தான் இந்த மாடலில் சில்லின் பின் நுனி உள்ளேயிருந்து அரிக்கிறது. வெளியே ஒரு ரூபாய் அளவு தெரிந்தால் உள்ளே கை அகலம் இருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், சிறிய குழாய் கேமரா இருந்தால் ஓட்டை வழியாக விட்டு உள் அடுக்குகளையும் பாருங்கள். சில் என்பது ஒற்றைத் தகடு அல்ல: வெளித்தகடு, உள்ளே வலுவூட்டும் தகடு, அதற்கும் உள்ளே தரையோடு சேரும் தகடு. கூரையில்லாத காரில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான்.

சில்லை வெட்டுவதற்கு முன், கதவைக் கழற்றிவிட்டு, வாசலில் கீல் இடத்திலிருந்து ஸ்ட்ரைக்கர் பக்கத்துக்கு இரும்புச் சட்டம் ஒன்றை நேராகவும் ஒன்றைக் குறுக்காகவும் போல்ட்டில் இறுக்குங்கள். வண்டியின் பாரம் நான்கு பக்கமும் சமமாகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும்; நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டியில் சில்லை வெட்டினால் வாசல் அந்த நிலையிலேயே வெல்டிங்காகி, கதவு ஆயுசுக்கும் சரியாக மூடாது. எல்லா அடுக்கையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். வெளித்தகட்டை நல்ல வெள்ளை இரும்பு வரும்வரை வெட்டி, உள் அடுக்கைச் சரிசெய்து, எப்பாக்ஸி அடித்து, பிறகு வெளித்தகட்டை மூடுங்கள். துருவின் மேல் புதுத் தகட்டை ஒட்டி மறைப்பது, துருவுக்கு ஒரு அறை கட்டிக்கொடுப்பது. உள் அடுக்கும் போய், சீட்பெல்ட் பிடிக்கும் இடம் வரை அரிப்பு எட்டியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தொழில்முறைப் பட்டறையிடம் விடுங்கள்.

பட்டி விரோதி அல்ல, அளவுதான் பிரச்சினை. முடிந்த நிலையில் 2 மி.மீ., மிஞ்சினால் 3. சுத்தமான தகட்டுக்கு முதலில் எப்பாக்ஸி பிரைமர், அது காய்ந்தபின் 80 நம்பர் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி அதன் மேல் பட்டி. ஆசிட் எட்ச் பிரைமரின் மேல் பாலியெஸ்டர் பட்டி சரியாகப் பிடிக்காது. ஹார்டனர் எடையில் சுமார் 2 சதவீதம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால், மிச்சமாகும் பெராக்சைடு மாதங்கள் கழித்து வெளிர் நிறப் பெயின்ட்டில் மஞ்சள் கறையாக மேலே வரும். பட்டி ஈரத்தை உறிஞ்சும், ஆகவே பட்டியை நீர் விட்டுத் தேய்க்கக் கூடாது, தேய்த்த பட்டியை நாள் கணக்கில் திறந்தும் போடக் கூடாது. நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி 80, பிறகு 120, 180. அடுத்து ஹை-பில்ட் பிரைமர், அதன் மேல் கருப்புப் பொடி தூவித் தேய்த்தால் பள்ளம் எல்லாம் கருப்பாகவே நின்று காட்டிக்கொடுக்கும். இணைப்பு விளிம்புகளுக்கான சீம் சீலர், எப்பாக்ஸிக்கு மேல், கலருக்கு முன். சில்லுக்குள்ளும் க்வார்ட்டருக்குள்ளும் விடும் மெழுகு எல்லாவற்றுக்கும் கடைசி. முன்னால் விட்டால் அடுத்த வெல்டிங்கில் தீப்பிடிக்கும், அதன் ஆவி பட்ட இடத்தில் பெயின்ட் மீன்கண்ணாகக் குழியும். மெழுகு விட்டபின் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

கலரும் கிளியர் கோட்டும் பட்டறைக்கே போகட்டும். டூ-கே வகைப் (ஹார்டனர் கலந்து அடிக்கும்) பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை நம்பி வீட்டுக் கொட்டகையில் அடிக்கக் கூடாது, வெளிக்காற்று தரும் மாஸ்க் தேவை. தவிர, முப்பது ஆண்டு வெயில் பார்த்த பெயின்ட்டோடு புது நிறம் கோட் நம்பரை வைத்து மட்டும் ஒத்துப்போகாது. இடது பக்கம் முழுவதும் எப்படியும் அடிக்கிறீர்கள், நிறத்தைப் பானெட்டிலும் டிக்கி மூடியிலும் மங்கலாகக் கலந்து இறக்கச் சொல்லுங்கள். ஆக, கழற்றுவது, அளவெடுப்பது, ஃபெண்டர், பானெட், கதவு மாற்றி இடைவெளி கட்டுவது, க்வார்ட்டரை முரட்டு வடிவத்துக்குக் கொண்டுவருவது, பட்டி, பிரைமர் இவை உங்கள் கைக்குள் அடங்கும். க்வார்ட்டர் இணைப்பு வெல்டிங்கைப் பழகு துண்டுகளின் முடிவைப் பார்த்து முடிவெடுங்கள். சில்லின் வெளித்தகடும் அப்படியே.

ஃபைபர் பற்றி: முன் ஃபெண்டருக்குப் போடலாம். எடை குறையும், துரு இல்லை. ஆனால் தெரு வண்டிக்கான நல்ல முடிப்பு வர, அச்சிலிருந்து வந்த பரப்பைத் தேய்த்து நிரப்பவே நிறைய நேரம் பிடிக்கும். போல்ட் இறுக்கும் இடங்களில் பெரிய வாஷர் போடாவிட்டால் அதிர்வில் விரியும். ஃபைபர் பானெட்டுக்குப் பழைய பூட்டை மட்டும் நம்பாமல், முன் மூலைகள் இரண்டிலும் தனிப் பின்கள் வையுங்கள். வேகத்தில் காற்று உள்ளே புகுந்தால் கண்ணாடி மேல் வந்து விழும். பின் க்வார்ட்டருக்கும் சில்லுக்கும் ஃபைபர் கூடாது. அகலச் சக்கரத்துக்காக விற்கும் ஃபைபர் வளைவுகள் வெளித்தகட்டை வெட்டிவிட்டு மேலே ஒட்டுபவை. அடியில் வெளித்தகட்டையும் வீல்ஹவுஸையும் மறுபடி சேர்த்து வெல்டிங் செய்து மூடாமல் அவற்றை மாட்டினால், சக்கரம் வாரியடிக்கும் நீர் நேராக, நீங்கள் இப்போது வெட்டிச் சரிசெய்யப்போகும் சில்லுக்குள்ளேயே போகும்.